ராட்சசன் பக்கத்துக் கதை

1954ஆம் வருஷம் செப்டம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, மாலை நாலேகால் மணி. காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல். காற்று இல்லை. அந்த நேரத்தில் நான் டிராயர் பையில் ஒரு பட்டுக்கூட்டை ஒளித்துவைத்துக்கொண்டு ஒரு ராட்சசனின் உயிரைக் காப்பாற்றப் புறப்பட்டேன். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், வீட்டுக்குக் கால்மணி நடை. கூட்டைப் பிய்த்தெடுக்கவும் சற்று நேரம் ஆகியிருக்குமே என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே நாலு இருபது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு வயது எட்டு.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து தளி போகிற சாலையில் இருந்தது. கேழ்வரகு, அவரை போக ஒன்றரை ஏக்கரில் மல்பெரி. வீட்டில் பெரிய அறை பட்டுப்புழுக்களுக்கு, மிச்சம் இருந்த இரண்டு சின்ன அறைகள் எங்களுக்கு. மூங்கில் தட்டுகள் இருபத்துநாலு. புழு வளர்ந்துவிட்டால் அது இலை தின்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். வெளியே நல்ல வெயில் அடித்தாலும் உள்ளே மழை பெய்கிற மாதிரி இருக்கும். வெளிச்சம் ஆகாதென்று சன்னலில் ஈரச்சாக்கு தொங்கும். அந்த இருட்டில், அந்தப் பொய் மழையில், பச்சை இலை வாசனையில் உட்கார்ந்தால் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

புழு இருக்கிற வீட்டுக்குச் சில சட்டங்கள் உண்டு. மிளகாய் தாளிக்கக் கூடாது. புகையிலை கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியாள் வாசல்படி தாண்டக் கூடாது. வெளியாளின் காற்றுப் பட்டால் புழு சுருண்டு விழுந்துவிடும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாப் புழு வீட்டிலும் இது வழக்கம். தாசில்தார் வந்தாலும் வெளியே கட்டிலைப் போட்டு மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்தச் சட்டம் அந்த வருஷம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மிகவும் வசதியாக இருந்தது.

காரணம் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. ஜவளகிரிக்கு அப்பால், மைசூர் எல்லைக்குள், காட்டோரத்து ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா ஆறடிக்கு மேல் உயரம். அந்த உயரத்துக்கு ஏற்ற கையும் காலும். யானை வந்தால் பரண்மேல் நின்று குரல் கொடுத்தே விரட்டுவார் என்று சொல்வார்கள். சித்தப்பா அவருக்கு வைத்த பெயர் ராட்சசன். அந்த மாமாவின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு தீத்தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று அத்தை கேட்டாளாம். வெல்லப்பாகு கொட்டியது என்றார். இன்னொரு நாள் கேட்டபோது கொல்லனின் உலையில் பட்டது என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது உண்மையைச் சொன்னார். அவருக்குக் காக்காய் வலிப்பு இருந்தது. சின்ன வயதில் அடுப்பில் விழுந்திருக்கிறார். வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வரும். அத்தை அதுவரை பார்த்ததில்லை.

யுகாதிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த அத்தை இதை அண்ணன்களிடம் சொன்னாள். அண்ணன்கள் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. நோயை மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டான், தீர்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்கள். மாமா வந்து கூப்பிட்ட போதெல்லாம் வீட்டில் புழு இருந்தது. புழு இருக்கிறது, உள்ளே வரவேண்டாம், கூடு எடுத்த பிறகு பேசலாம். அப்படியே இரண்டு வெள்ளாமை கூடு எடுத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை, செப்டம்பர் எட்டாம் தேதி புதன்கிழமை வந்த மாமா, கூடு எடுக்கிறவரைக்கும் இங்கேயே இருக்கிறேன் என்று எங்கள் வாசலுக்கு எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி மாரியம்மன் கோயில் மண்டபம், பகலெல்லாம் மரத்தடி. வேறு வழியில்லாமல் திங்கட்கிழமை கூடு எடுத்ததும் பஞ்சாயத்து என்று அப்பா மணியக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். அத்தையைக் கேட்பார்கள், அவள் ஆமாம் மறைத்தார் என்று சொன்னால் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு பக்கமும் கைகழுவிவிடலாம்.

இதில் ஒரு வரிகூட எனக்கு அப்போது தெரியாது. என் காதுபட வீட்டில் அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை. அவனுக்கு அது இருக்குது என்பார்கள். அது என்றால் என்ன என்று கேட்டால் அடி விழும். எனக்குத் தெரிந்தது கதை ஒன்றுதான்.

எல்லா வீட்டிலும் சொல்கிற கதைதான் அது. ராட்சசன் ஒருவன் ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டுபோய் ஏழு கடலுக்கு அப்பால் வைத்திருப்பான். உன் உயிர் எங்கே இருக்கிறது என்று அவள் நயமாகக் கேட்பாள். ஒரு பெட்டிக்குள் இருக்கிற வண்டில் இருக்கிறது என்பான். அவள் அதை ராஜகுமாரனிடம் சொல்ல, அவன் வண்டை நசுக்க, ராட்சசன் மலை சரிந்ததுபோல் விழுவான். பிறகு கல்யாணச் சாப்பாடு. என் வகுப்பில் முப்பத்தொரு பேரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவான். அத்தை மட்டும் இதை ராட்சசனின் பக்கத்திலிருந்து சொன்னாள்.

புழு அறையில் இலை நறுக்கிக்கொண்டே சொல்வாள். ராட்சசன் காலடி வைத்தால் பூமி அதிரும், அதனால் ராஜகுமாரி தூங்கும்போது குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடப்பான். தன் பல்லைப் பார்த்தால் அவள் பயப்படுவாள் என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவான். அவனைக் கண்டு ஓடினவர்கள் உண்டு, கல்லெறிந்தவர்கள் உண்டு. உன் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. ராஜகுமாரி கேட்டதும் அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. உலக்கையில் இருக்கிறது என்று பொய் சொன்னான். அவள் நம்பவில்லை. வாசக்காலில் இருக்கிறது என்றான். மறுநாள் சாயங்காலம் வீடு திரும்பினால், வாசக்காலில் இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து ஒரு பூவும் செருகியிருந்தது. தன் உயிருக்குக்கூட ஒருவர் பூ வைப்பார்கள் என்று அவன் நினைத்ததில்லை. பொழுது இறங்குகிறவரை உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றான். அப்புறம் உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிட்டான்.

அதோடு நிறுத்திவிடுவாள். அப்புறம் என்று கேட்டால், இலை தீர்ந்துபோச்சு, எழுந்திரு என்பாள். எத்தனை தடவை சொன்னாலும் அந்த இடத்தைத் தாண்டமாட்டாள்.

அந்த வாரம் புழு பழுத்துவிட்டது, அதாவது கூடு கட்டத் தயாராகிவிட்டது. பழுத்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகையில் விடுவார்கள். சந்திரிகை என்பது மூங்கில் தட்டி. அதில் வட்டம் வட்டமாகச் சுற்றிப்போகும் பட்டைகளின் இடுக்கில் புழு கூடு கட்டும். வெயில் இருந்தால் அதைச் சுவரோரம் வெளியே சாய்த்து வைப்பார்கள். அன்று தூறல் என்பதால் பதினெட்டுச் சந்திரிகையும் உள்ளேதான் இருந்தன. இலை தின்பது நின்றுபோய்விட்டதால் வீட்டில் மழைச்சத்தம் நின்றிருந்தது. அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான புழுக்கள் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தங்களைச் சுற்றித் தாங்களே ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை கூட்டையெல்லாம் ஆனேக்கல்லுக்கு வண்டியில் ஏற்றிவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். அங்கே நூல் எடுக்கிற இடத்தை நான் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற தண்ணீரில் கூட்டைப் போடுவார்கள். பெட்டி, பெட்டிக்குள் பூச்சி, வெளியே மரத்தடியில் ராட்சசன். எனக்குக் கணக்கு சரியாக வந்தது. மாமாவின் உயிர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை அதை அவித்துவிடப் போகிறார்கள். எந்தக் கூடு என்பதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஐந்தாவது சந்திரிகையில் மற்றதைவிட ஒரு மடங்கு பெரிய கூடு ஒன்று இருந்தது. மாமாவின் அளவுக்கு அதுதான் பொருத்தம்.

அம்மா தினமும் ஒரு சட்டியில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்து மாமாவுக்குக் கொடுத்துவரச் சொல்வாள். அப்பா அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அன்று சட்டியைக் கீழே வைத்ததும் கூட்டையும் எடுத்து நீட்டினேன். மாமா கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதை எடுத்துக்கிட்டு ஓடிப்போயிடுங்க மாமா."

"கூட்டைப் பிச்சுக்கிட்டு வந்தியா மரி? உங்கப்பன் பார்த்தா உன்னையும் சந்திரிகையில விட்டுடுவான்." மரி என்றால் கன்னடத்தில் குட்டி. என்னை அவர் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"உங்க உயிரு இதுக்குள்ளதான் இருக்குது. திங்கக்கிழமை வெந்நீர்ல போட்டுடுவாங்க."

அவர் கூட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அந்தக் கையில் அது மிளகாய் விதை மாதிரி இருந்தது.

"இது இரட்டைக் கூடு. ரெண்டு புழு சேர்ந்து கட்டினது. நூல் தனியாப் பிரியாது, வீசிடுவாங்க."

"அப்ப உங்களுக்கு ரெண்டு உயிரா?"

"யார் சொன்னா உனக்கு, என் உயிர் இதுல இருக்குதுன்னு?"

"அத்தைதான். ராட்சசன் கதையில."

"நான்தான் ராட்சசனா?"

"சித்தப்பா அப்படித்தான் சொல்றாரு. ஆனா அத்தை ராட்சசன் பக்கமா சொல்றாங்க."

அவர் களியைத் தொடவில்லை. முதலிலிருந்து சொல் என்றார். நான் உலக்கை, வாசக்கால் எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மஞ்சள் பூசிய இடம் வந்தபோது அவர் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். ராட்சசன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சாப்பிடுவதை நான் சொல்லியிருந்ததால் அதைத்தான் செய்து காட்டுகிறார் என்று சிரித்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் அத்தை சொல்லமாட்டாங்க."

"நான் சொல்றேன். அத்தைகிட்டப் போய்ச் சொல்றியா?" சட்டியைத் தள்ளி வைத்தார். "ராஜகுமாரன் பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். ராட்சசன் நெனச்சிருந்தா அவனை அங்கேயே நசுக்கியிருக்கலாம். பக்கத்துல அவ நின்னுக்கிட்டு இருந்தா, அதனால கையைத் தூக்கலே. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். வாசக்கால்ல பூசின மஞ்சள் என்னை ஏமாத்தறதுக்கா, இல்லே நெஜமாவே பூசினியான்னு."

உள்ளே ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அவள் சந்திரிகையில் செத்த புழுவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. யாரு சொன்னது என்று கேட்கவில்லை. இதெல்லாம் உங்கப்பாகிட்டச் சொல்லாதே என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை முழுக்கச் சந்திரிகைகளோடேயே இருந்தாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் சட்டியை என் கையில் கொடுத்தவள் அம்மா இல்லை, அத்தை.

"நேத்து அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லு. முதல் நாள் பூசினது தந்திரம்தான். ராஜகுமாரன் சொல்லிக்கொடுத்துப் பூசினா. மறுநாள் பார்த்தா மஞ்சள் காய்ஞ்சு உதிர்ந்துபோய் இருந்தது. மறுபடியும் அரைச்சுப் பூசினா. அதை யாரும் சொல்லித்தரலே."

நேற்று இல்லை, முந்தாநாள் என்று திருத்தினேன். அவள் கவனிக்கவில்லை.

மாமா இதைக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். எனக்கு அலுத்துவிட்டது. ஒருவர் சொன்னால் ஒழுங்காக முடிந்திருக்கும் கதை. இரண்டு பேர் கை வைத்துக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கடல் எங்கே, வண்டு எங்கே, குதிரை எங்கே, ஒன்றும் இல்லை. முக்கியமாக, ராஜகுமாரனை இருவரும் மறந்தே போயிருந்தார்கள்.

"பெட்டியை வெச்சுக்கிட்டு ராஜகுமாரன் எவ்வளவு நேரம் நிப்பான்? அவன் கெட்டவனா மாமா?"

"இல்லே மரி. நல்லவன்தான். தங்கச்சி மேல பாசம் அதிகம்."

"ராஜகுமாரனுக்கு ஏது தங்கச்சி?"

மாமா களியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். "கதைதானே. இருந்துட்டுப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ராட்சசன் அனுப்பிய செய்தி இது: பெட்டியை ராஜகுமாரனிடமே விட்டுவிடுகிறேன், என் உயிர் யார் கையில் இருந்தால் என்ன, நான் வீட்டுக்குப் போகிறேன், வாசக்கால் அங்கேதான் இருக்கிறது, வருகிறவர்கள் வரட்டும். அத்தை இதைக் கேட்டுவிட்டு எழுந்தாள். ஈரச்சாக்கைக் கொஞ்சம் விலக்கி வெளியே பார்த்தாள். வெளிச்சம் புழுவுக்கு ஆகாது என்று நான் சொன்னேன். ஆகாதுதான் என்றாள், ஆனால் சாக்கை விடவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கூடு எடுத்தாகிவிட்டது. வாசல் திறந்தது, வெளியாட்கள் வரலாம். ஆனாலும் பஞ்சாயத்துக் கூடியது புங்கமரத்தடியில். வானம் வெளுத்திருந்தது. மணியக்காரருக்கு வீட்டில் தெலுங்கு, பஞ்சாயத்தில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அன்று தமிழில் ஆரம்பித்தார். சித்தப்பா முந்திக்கொண்டார்.

"மாடு வாங்கினாக்கூடச் சுழி பார்த்து வாங்கறோம். இது பொண்ணு கொடுத்த விஷயம். மறைச்சுட்டாங்க."

"நீ சுழி பார்த்து வாங்கின மாடுதானே போன வருஷம் உன்னையே முட்டித் தள்ளிச்சு" என்றார் மணியக்காரர். நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாக உட்கார முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அத்தையைக் கூப்பிட்டார்கள். வாசற்படியில் வந்து நின்றாள். அப்பா அவளுக்குச் சொல்லவேண்டியதை மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். அம்மா அவள் பின்னால் நின்றாள்.

"ஏம்மா, உன் புருஷன் நோயை மறைச்சானா, இல்லையா? பயப்படாமச் சொல்லு."

"அவரு மறைச்சிருந்தா இங்க யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றாள் அத்தை. சத்தமாகப் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "நான் கேட்டேன். சொன்னாரு. என்னைத் தவிர யாருக்கும் சொன்னதில்லே. ஊருக்கெல்லாம் தெரியறதுன்னா அது என்னாலதான்."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "நீதானே எங்ககிட்ட அழுதுக்கிட்டுச் சொன்னே."

"பயமா இருக்குதுன்னு சொன்னேன் அண்ணா. இப்பவும் பயமாத்தான் இருக்குது. அவரை விட்டு வந்துடறேன்னு சொல்லலே."

மணியக்காரர் அப்பாவைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் துடையில் துடைத்தார். "அப்ப எனக்கு இங்க வெத்தலை போடறதைத் தவிர வேலை இல்லை" என்றார்.

அத்தை உள்ளே போய்த் துணி மூட்டையுடன் வந்தாள். அப்பா மல்பெரித் தோட்டத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை என்று இந்த வயதில் சொல்லத் தோன்றுகிறது. யுகாதியன்று தங்கை அழுததை அவர் நேரில் பார்த்தவர். அத்தை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது, மழைக்கு முன்னாடி தளி தாண்டிடுங்க என்று மட்டும் சொன்னார்.

எனக்கோ ஒரே குழப்பம். கதையில் வருகிற பேச்சையெல்லாம் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறார்களே என்று இருந்தது. கடைசியில் ராட்சசன் சாகவில்லை என்பது மட்டும் புரிந்தது. இரண்டு புழு இருக்கிற கூடாகப் பார்த்து எடுத்தது நான்தான் என்பதால் அந்தப் பெருமை முழுவதும் எனக்கே என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் பத்துப் பதினைந்து அடி போயிருப்பார்கள். அம்மா வேகமாகப் பின்னால் போனாள். இடுப்பில் செருகியிருந்த இரும்புச் சாவிக்கொத்தை உருவி அத்தையின் கையில் திணித்து, "எந்நேரமும் இடுப்பிலேயே வெச்சிரு, மறந்தும் கழட்டாதே" என்றாள். அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமாவின் வீட்டுக்குத் தட்டிக்கதவு, அதற்குப் பூட்டே கிடையாது என்பது எனக்குத் தெரியும். பூட்டில்லாத வீட்டுக்குச் சாவி எதற்கு என்று யோசித்தேன். பிறகு விடை கிடைத்துவிட்டது: இனிமேல் அப்பா அத்தையை உள்ளே வைத்துப் பூட்டமுடியாது, அதற்குத்தான் அம்மா எங்கள் வீட்டுச் சாவியை அனுப்பிவிட்டாள். வலிப்பு வந்து விழுகிறவர் உள்ளங்கையில் இரும்பை வைத்து மூடிப் பிடிக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அதனால் பலன் இல்லை என்று டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். இருக்கலாம்.

சாவி எங்கே என்று அப்பா கேட்டபோது, எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்று அம்மா சொன்னாள். அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. அலமாரி, பெரிய பெட்டி, இலை வைக்கிற கொட்டகை, மூன்றையும் உடைத்து மூன்று புதுப் பூட்டுப் போட ஓசூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. அவன் கூலியும் சேர்த்து அப்பாவுக்கு ஏழு ரூபாய் பத்தணா ஆயிற்று.